தோட்டாவுக்கு வைத்த பொட்டு

கனகவல்லி புளியை ஊறவைத்தது நல்ல எண்ணத்தில்தான். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் முதல் தடவையாக வருகிறார். அதுவும் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் எடுத்துப் பார்க்கப்போகிற சாமான் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சந்தனமுமாக இருந்தால் இந்த வீட்டுப் பொம்பளையைப் பற்றி என்ன நினைப்பார்? குத்துவிளக்குத் தேய்க்கிற அதே புளி, அதே தேங்காய் நார், மேலே ஒரு பிடி கல்லுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பால் பாக்கெட் வருவதற்கு முன்பே பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து ஐந்து தோட்டாக்களையும் தேய்த்துக் கழுவித் துணியில் பரப்பிவிட்டாள்.

தோட்டாதான், துப்பாக்கித் தோட்டா. தெலுங்கும் உருதும் புழங்கும் திருமுல்கேரியில் லால் பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் முக்கால்வாசிப் பேர் பட்டாளத்தை நம்பி வந்த வடஆற்காட்டுக்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து, அவன் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டவர்கள். கனகவல்லியின் கணவர் லட்சுமணனுடைய தாத்தா சாம்பசிவம் அந்தப் பட்டாளத்தில் நாயக்காக இருந்தவர். அவர் விட்டுப்போனது இந்த வீடு, ஒரு தேக்குப் பெட்டி, பெட்டிக்குள் துருப்பிடித்த இரும்புக் கிளிப் ஒன்றில் வரிசையாகச் செருகிய ஐந்து தோட்டா. வருஷம் முழுக்கப் பெட்டி பரண்மேல் கிடக்கும். ஆயுத பூஜையன்று கீழே இறங்கும். அரிவாள்மனை, ஸ்பேனர் செட்டு, மகன் ஸ்ரீகாந்தின் கம்ப்யூட்டர் எல்லாவற்றோடும் இந்த ஐந்துக்கும் சந்தனம் பூசி, அடிப்பக்கத்துக் குழியில் குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்ட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷமாகக் கனகவல்லிதான் செய்கிறாள். ஏன் என்று மாமியாரிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "எங்க மாமியார் செஞ்சாங்க, நான் செய்யிறேன், நீயும் செய்யி" என்று பதில் வந்தது. அந்த ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் கனகவல்லிக்கு ஆகாது. பூஜை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் வைத்த முதல் தட்டு, வீட்டு ஆண்பிள்ளைக்குக்கூடக் கொடுக்காமல், சந்து முனையில் ஆட்டோ ஓட்டும் சாய்குமார் வீட்டுக்குப் போக வேண்டும். சொந்தமும் கிடையாது, சம்பந்தமும் கிடையாது. போகட்டும், கொடுக்கிற கை கொடுக்கட்டும். ஆனால் மறுநாள் அந்தத் தட்டு திரும்பி வரும்போது கழுவித் துடைத்து, காலியாக வரும். இந்தச் சந்தில் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால் அந்தக் கிண்ணத்தில் நாலு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு வாழைப்பழம்? ஒரு ஸ்பூன் சர்க்கரை? இருபத்தாறு வருஷம் வெறும் தட்டு. சாய்குமாரின் பெண்டாட்டி உஷா அதைச் சிரித்த முகத்தோடு வேறு நீட்டுவாள்.

இந்த வருஷம் கனகவல்லி அனுப்பவில்லை. மாதாப்பூரில் ஸ்ரீகாந்த் வேலை பார்த்த கம்பெனி செப்டம்பரில் நாற்பது பேரைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதில் இவனும் ஒருவன். சந்தே வந்து விசாரித்துவிட்டுப் போனது. சாய்குமார் வீட்டிலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. புதன்கிழமை பூஜை முடிந்ததும் முதல் தட்டைக் கனகவல்லி மகன் கையிலேயே கொடுத்தாள். "நம்ம வூட்டுப் புள்ள மொதல்ல சாப்புடட்டும்" என்றாள். லட்சுமணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் சுபேதாருக்கு வேலையே இல்லை. வேலையில்லாத கை, எதிரே கம்ப்யூட்டர், பக்கத்தில் பொட்டு வைத்த தோட்டா. பழைய ராணுவத் தோட்டாக்களைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அன்று ராத்திரிக்குள் ஸ்ரீகாந்த் கண்டுபிடித்துவிட்டான். படமெடுத்து, தன் பெயர், ஊர், போன் நம்பரோடு அவர்கள் கூடும் வெப்சைட்டில் போட்டான். வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒருவன் பேசினான். திங்கட்கிழமை நேரில் வருகிறேன், ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன், எதையும் துடைக்காதே, பழைய நிறம்தான் விலை என்றான்.

செய்தி காதில் விழுந்ததும் லட்சுமணனுக்கு வியர்த்துவிட்டது. போன வருஷம் ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து லாட்ஜில் தங்குவதற்குக்கூட நாலு கேள்வி கேட்கிற காலம். உயிருள்ள தோட்டாவை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே ஜெயில். விற்றால்? அதுவும் பெயரும் போன் நம்பரும் போட்டு ஊருக்கெல்லாம் படம் காட்டிய பிறகு? ஆனால் அது உயிருள்ளதா, வெறும் கூடா என்று யாருக்குத் தெரியும்? அவர் ஸ்டோர்கீப்பராக இருக்கும் உப்பல் தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் முகமது யூசுப், ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம் வெடிமருந்து சோதிக்கும் வேலையே செய்தவர். ஆம்பூர்க்காரர். மௌலா அலியில் குடியிருக்கிறார். சனிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில் லட்சுமணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படி வரப்போகிற மனிதருக்காகத்தான் புளி ஊறியது.

துணியில் பரப்பியதைப் பார்த்துவிட்டு ஸ்ரீகாந்த் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா! ஏம் சேசாவ்மா? துடைக்காதேன்னு அவன் ஸ்பெஷலா சொன்னான்மா!"

"தொடைக்கலடா, தேய்ச்சேன். ஆனா ஒண்ணு..." கனகவல்லியின் குரல் இறங்கியது. "நாலு தோட்டாவுல பக்கவாட்டுல ஓட்டை வுழுந்துடுச்சி. நாரு கொஞ்சம் முரடு. அழுத்தித் தேய்ச்சிட்டேன் போல கீது."

லட்சுமணன் ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, நேரே அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. மிளகு நுழையும். "பித்தளையில நாரால ஓட்டை போட்ட மொத பொம்பள நீதான்" என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும்.

யூசுப் பாய் ஒன்பது மணி பஸ்ஸில் வந்தார். ஒல்லியான உடம்பு, மருதாணி போட்ட தாடி, தோளில் ஒரு ரெக்சின் பை. கனகவல்லி பெசரட்டும் இஞ்சிச் சட்னியும் தயாராக வைத்திருந்தாள். "சாப்புட்டுட்டுப் பாருங்க பாய்."

"பார்த்துட்டு சாப்புடுறேன் தங்கச்சி. இந்த வேலைய வயிறு நெறைஞ்சி செய்யக் கூடாது, கை மந்தமாயிடும். ஸ்டவ்வ மொதல்ல அணைச்சிடுங்க. வெளக்கையும். ஒரு சாக்கை நனைச்சிக் குடுங்க."

கூடத்தில் ஈரச் சாக்கை விரித்து, ஐந்தையும் முனை சுவரைப் பார்க்கும்படி படுக்க வைத்தார். மூவரையும் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பையிலிருந்து கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகும் லென்ஸ், நகைக்கடைத் தராசு, ஒரு நோட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பூப்போலத் தூக்கி அடிப்பக்கத்தைப் படித்தார்.

"பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ. கே, எஃப், நடுவுல அம்புக்குறி. கிர்க்கி, பூனா பக்கம் இருக்கிற தொழிற்சாலை. இருபத்தேழுன்னு போட்டிருக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. உங்க தாத்தா காலம் சரியா வருது லட்சுமணன்." பிறகு பக்கவாட்டைப் பார்த்தார். "இந்த ஓட்டைய யாரு தொறந்தது?"

"நாந்தான் பாய்" என்றாள் கனகவல்லி, போலீஸிடம் ஒப்புக்கொள்கிறவள் குரலில். "தேய்க்கறப்ப வுழுந்துடுச்சி."

யூசுப் பாய் திரும்பிப் பார்த்தார். தாடி அசைந்தது. "இல்ல தங்கச்சி. இது எண்பது வருஷம் முன்னாடி ட்ரில் மெஷின்ல போட்ட ஓட்டை. சுட்டு முடிஞ்ச கூட்டுல மருந்து இல்லாம குண்ட மட்டும் திரும்பச் செருகி, கூட்டுல ஓட்டை போட்டுடுவாங்க. புது ஆளுங்க துப்பாக்கியில போட்டு எடுத்துப் பழகறதுக்கு. டம்மி. ஓட்டையக் கண்டாலே வெடிக்காததுன்னு தெரியணும், அதுக்குத்தான். நீங்க வருஷா வருஷம் பூசின சந்தனம் போய் ஓட்டைய அடைச்சிருக்கு."

கனகவல்லிக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் ஜெயில் இல்லை. அவள் மகனைப் பார்த்தாள். அவன் யூசுப் பாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யூசுப் பாய் நாலையும் எடை போட்டு நோட்டில் குறித்தார். நாலும் இருபத்திரண்டரை கிராமை ஒட்டி வந்தன. ஐந்தாவதை எடுத்தார். அதில் ஓட்டை இல்லை. எடை இருபத்தைந்து. இன்னொரு தரம் வைத்தார். இருபத்தைந்துதான். அதைச் சாக்கில் வைத்தபோது அவர் கை முன்பைவிட மெதுவாக இறங்கியது.

"இதோட அடியில செவப்பு சாயம் இருக்கே" என்று லென்ஸைச் செருகிக் குனிந்தார். "அடியில இருக்கிற கேப்தான் மருந்தப் பத்த வெக்கிறது. அதச் சுத்தி வகைக்கு ஒரு கலர் பூசுவாங்க. செவப்புன்னா பறக்கும்போது நெருப்பு தெரியிற வகை. ஆனா இதுல எப்பிடி..." முகர்ந்து பார்த்தார். குழம்பிப்போனார். "இருபத்தெட்டு வருஷத்துல இப்பிடி ஒரு சாயத்த நான் பார்த்ததே இல்ல."

"அது குங்குமம் பாய்."

"என்னது?"

"பொட்டு. அடியில சின்னதா ஒரு குழி இருந்துச்சி. பொட்டு வெக்கறதுக்குன்னே போட்டதாட்டம். மத்த நாலுல போயிடுச்சி, இதுல மட்டும் புளிக்கும் போகல."

விளக்குத்திரியை நனைத்து வாங்கி, யூசுப் பாய் அந்தச் சிவப்பை ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. ஒற்றினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. சந்தில் காய்கறி வண்டிக்காரன் "தோட்டகூர, பாலகூர" என்று கூவிக்கொண்டு போனான். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்தார். சாக்கின் மறுபாதியை மடித்துத் தோட்டாவின் மேல் போர்த்தினார்.

"லட்சுமணன், இதுக்கு உயிர் இருக்கு. மருந்து உள்ள இருக்கு, கேப் முழுசா இருக்கு. நாலு பொய், ஒண்ணு நெசம்."

லட்சுமணன் மகனின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"அந்தக் குழி பொட்டுக்குப் போட்டதில்ல தங்கச்சி. துப்பாக்கி ஊசி குத்தின தழும்பு. யாரோ இத துப்பாக்கியில போட்டு விசைய அழுத்தியிருக்கான். ஊசி குத்தியிருக்கு. வெடிக்கல."

"ஏன் வெடிக்கல?" என்றான் ஸ்ரீகாந்த்.

"ஆயிரத்துல ஒண்ணு அப்பிடி ஆவும். ஈரம், கேப்புல கோளாறு, ஊசியில பலமில்ல. கிளிப்புக்கு அஞ்சு. நாலு டம்மியோட இது எப்பிடியோ கலந்திருக்கு. டம்மின்னு நெனச்சித்தான் அழுத்தியிருப்பான். முன்னாடி என்ன இருந்துச்சோ, யாரு இருந்தாங்களோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

கனகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வருஷம். ஐந்தில் இதுதான் உருண்டு திரண்டு அழகாக இருக்கிறது என்று நடுவில் வைத்து, இதற்கு முன்னால்தான் கற்பூரத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றுவாள். ஸ்ரீகாந்த் ஆறு மாதக் குழந்தையாக மடியில் இருந்தபோது அவன் பிஞ்சுக் கையைப் பிடித்து இதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். இன்று காலை கல்லுப்புப் போட்டுத் தேய்த்தாளே, அடியையும் சேர்த்து! பயம் ஒரு பங்கு என்றால், எந்தச் சாமி என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சேர்த்து நெஞ்சு நிறையப் பொங்கியது மூன்று பங்கு. "காப்பாத்திட்டியே, காப்பாத்திட்டியே" என்று தோட்டாவைப் பார்த்தே சொன்னாள்.

ஸ்ரீகாந்துக்கு வேறு கவலை. கேட்கத் தயங்கினான், ஆனாலும் கேட்டான். "அங்கிள், இதுக்கு... வால்யூ எவ்ளோ இருக்கும்?"

யூசுப் பாய் கோபப்படவில்லை. அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேட்டது தப்பில்ல தம்பி, மதிப்புப் போடத்தானே என்னக் கூப்புட்டீங்க. டம்மி நாலும் பழசு. அந்தக் காலத்து அழுக்கோட, ஓட்டையச் சுத்தி செவப்பு சாயத்தோட இருந்திருந்தா வெளிநாட்டுல ஆசப்படுவான். உங்க அம்மா கையால அது குத்துவெளக்கு ஆயிடுச்சி. இப்ப பேரீச்சம்பழத்துக்குப் போடலாம். அஞ்சாவது, சட்டப்படி லைசென்ஸ் இருக்கிற ஊர்ல, லைசென்ஸ் இருக்கிற ஆளு கையில இருந்தா ஒரு வெல. ஊசி குத்தினது, அதனால அதுலயும் பாதி. உன் கையில இருந்தா அதோட வெல உன் வாழ்க்கைதான். பெங்களூர்காரன் யாரு என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது அங்கிள்."

"இத பஸ்ஸுல எடுத்துக்கிட்டுப் போவான். இல்ல, வேற எவனுக்கோ குடுப்பான். எங்கனா மாட்டினா மொதல்ல உன் நம்பர்தான். வேல போனா இன்னொரு வேல கெடைக்கும். கேசு வுழுந்தா எந்தக் கம்பெனி கூப்புடும்?"

ஸ்ரீகாந்த் எழுந்து உள்ளே போய், வெப்சைட்டில் போட்ட படங்களை நீக்கினான். பெங்களூருக்குப் போன் போட்டு "நக்கோ பாய், நான் விக்கல" என்று சொல்வது கூடம்வரை கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "சாரிப்பா" என்றான். லட்சுமணன் அவன் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"இப்ப செய்ய வேண்டியது ஒண்ணு" என்றார் யூசுப் பாய். "யாரும் தொடக் கூடாது, நகத்தக் கூடாது. ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுப்போம். தாத்தா பொட்டியில இருந்துச்சி, இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு. நான் சோதிச்சேன்னு நானும் கையெழுத்துப் போடுறேன். அவங்க ஆளக் கூட்டிக்கிட்டு வந்து எடுத்துட்டுப் போவாங்க. நாமளே போய்ச் சொன்னா ஒரு மாதிரி, அவங்களா வந்தா வேற மாதிரி. ஆட்டோ ஒண்ணு பாருங்க."

லட்சுமணன் சட்டையை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனார். சாய்குமாரின் ஆட்டோ அங்கேதான் நின்றது. புதன்கிழமையிலிருந்து நிற்கிறது. முன்கண்ணாடியில் சந்தனம், கைப்பிடியில் வாடிப்போன சாமந்தி மாலை. ரிப்பேர் போலிருக்கிறது என்று கனகவல்லி தினமும் பார்த்துக்கொண்டு போனாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"வண்டி எடுக்க மாட்டானாம்."

"ரிப்பேரா?"

"இல்ல. நம்ம வூட்டுத் தட்டு வரலியாம். தட்டு வராம வண்டியத் தொடக் கூடாதாம். அவங்க வூட்டு வழக்கமாம். நாலு நாளா சவாரி இல்லாம உக்காந்துகினு கீறான்."

கனகவல்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நாலு நாளாவா? ஒரு வார்த்த வந்து கேக்கக் கூடாதா?"

"நானும் அதான் கேட்டேன். கேட்டு வாங்கினா அது அந்தத் தட்டு இல்ல அண்ணாங்கறான்."

அவள் பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கூடத்தில் படுத்திருக்கும் பூதத்துக்கு எட்டாத தூரத்தில், குழாயடிக்கும் அந்தப் பக்கம் மூட்டினாள். அரிசி, பருப்பு, வெல்லம், நெய். முந்திரி கொஞ்சம்தான் இருந்தது, எல்லாவற்றையும் போட்டாள். யூசுப் பாய் வேப்ப மரத்தடியில் நின்றபடி ஆறிப்போன பெசரட்டைச் சாப்பிட்டு, "சட்னி பிரமாதம்" என்றார். ஒரு மணி நேரத்தில் தட்டு தயாராயிற்று. இத்தனை வருஷம் ஸ்ரீகாந்த் கையில் கொடுத்தனுப்புவாள். இன்று தலையை வாரிக்கொண்டு தானே எடுத்துக்கொண்டு போனாள்.

உஷா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் முறம் கையிலிருந்து நழுவியது. "ஏமண்டி! தட்டு வந்துடுச்சி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். சாய்குமார் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். நாலு நாள் தாடி. நாற்பது வயது ஆள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான்.

"அண்ணி, எங்க மேல எதனா கோவமா?"

"கோவந்தான்" என்றாள் கனகவல்லி. வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டாள். "இருபத்தாறு வருசம் வெறுந்தட்டாவே வந்துச்சி. ஸ்ரீகாந்துக்கு வேல போனப்ப நீங்க யாரும் வந்து கேக்கல. அதான் நான் அனுப்பல. ஆனா நீ வண்டியெடுக்காம இருப்பன்னு எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

"வேல போச்சா? ஸ்ரீகாந்துக்கா?" உஷா வாயைப் பொத்திக்கொண்டாள். "போன மாசம் பூரா நான் எங்கம்மாவப் பார்க்க கரீம்நகர் போயிருந்தேன் அண்ணி. இவுரு காலையில போனா ராத்திரி வராரு. யாரும் சொல்லலியே."

சாய்குமார் தட்டை வாங்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டே நின்றான். "அண்ணி, அப்ப உங்களுக்கு அந்தக் கதை தெரியாதா?"

"இன்னா கதை?"

"உங்க தாத்தா சொல்லவே இல்லியா? யாருக்குமேவா?" அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். "உங்க மாமனாரு பொறக்கறதுக்கு முன்ன நடந்தது. எங்க தாத்தா வாசு பட்டாளத்துல புது ஆளு. பத்தொம்பது வயசு. உங்க தாத்தா சாம்பசிவம்தான் குறி பார்க்கக் கத்துக் குடுக்குறவரு. எப்பிடின்னா, வாத்தியாரு எதிர்ல உக்காருவாரு. கண்ணுக்கு நேரா ஒரு சின்னத் தகடு, நடுவுல ஓட்டை. புது ஆளு அந்த ஓட்டையக் குறி வெக்கணும். ஓட்டை வழியா வாத்தியாரு பார்ப்பாரு, கை ஆடுதா, குறி சரியான்னு. உள்ள இருக்கிறது டம்மி, அதனால விசையும் அழுத்தணும்."

கனகவல்லிக்குத் தட்டு கனத்தது.

"அன்னிக்கு ஆயுத பூஜைக்கு மறுநாள். துப்பாக்கி, தோட்டா எல்லாத்துக்கும் சந்தனம் பூசி வெச்சிருந்தாங்களாம் நம்ம ஆளுங்க. ஓட்டையெல்லாம் அடைஞ்சி எது டம்மி, எது அசல்னு தெரியல. எங்க தாத்தா அழுத்துனாரு. டிக்குன்னு ஒரு சத்தம். டம்மிக்கு அப்பிடி சத்தம் வராதாம். உங்க தாத்தா எழுந்து வந்து, துப்பாக்கியத் தொறந்து பார்த்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சாம். அத எடுத்து அந்தக் கிளிப்போடவே டவுசர் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. மேல சொல்லியிருந்தா எங்க தாத்தாவக் கட்டி வெச்சி ஒதைச்சிருப்பாங்க, ஜெயில்ல போட்டிருப்பாங்க. 'யாருகிட்டயும் சொல்லாத, போய் சாப்புடு'ன்னு சொன்னாராம். அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க தாத்தாவால துப்பாக்கியத் தொட முடியல. கை நடுங்கும். ஒரு வருசம் ஆஸ்பத்திரி, சமையக்கட்டுன்னு ஓட்டினாரு. அடுத்த ஆயுத பூஜைக்கு உங்க தாத்தா வூட்டுல பூஜை முடிச்சி, மொத தட்ட எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வந்தாரு. 'நான் உசுரோட கீறேன் பாரு. சாப்புட்டுட்டு ஆயுதத்தத் தொடு வாசு'ன்னாராம். அன்னிக்குத்தான் தொட்டாரு. அதுலேர்ந்து உங்க வூட்டுத் தட்டு வந்தாத்தான் எங்க வூட்டு ஆம்பள தொழில் சாமானத் தொடுவான். அப்பா லேத் மிஷினு. நான் ஆட்டோ."

கனகவல்லி மனதுக்குள் வருஷத்தைக் கூட்டினாள். தோட்டாவில் இருபத்தேழு. மாமனார் ராமச்சந்திரன் பிறந்தது முப்பதில். அந்த டிக் சத்தம் வேறு சத்தமாக இருந்திருந்தால் மாமனார் இல்லை, லட்சுமணன் இல்லை, மடியில் உட்கார்ந்து தோட்டாவைத் தொட்டுக் கும்பிட்ட ஸ்ரீகாந்த் இல்லை. அந்தத் தழும்பில்தான் இருபத்தேழு வருஷம் பொட்டு வைத்திருக்கிறாள்.

"வெறுந்தட்டு கேட்டீங்களே அண்ணி" என்றாள் உஷா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல சர்க்கரை போட்டுக் குடுக்கப் போனேன். எங்க மாமியார் கையப் புடிச்சிட்டாங்க. 'அந்த வூட்டுக்கு எதத் திருப்பி வெச்சாலும் கணக்கு முடிஞ்சிடுச்சின்னு ஆயிடும். அது முடியற கணக்கு இல்ல. வெறுந்தட்டாவே குடு'ன்னாங்க."

கனகவல்லி தட்டை நீட்டினாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் தட்டு சாய்ந்து சுண்டல் நாலு உருண்டது. சாய்குமார் இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே ஒரு வாய்ப் பொங்கலை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"எதுக்கு அண்ணி அழுறீங்க? வெல்லம் தூக்கலா நல்லாத்தான் இருக்கு. எங்க போகணும்னாரு அண்ணா?"

"போலீஸ் டேசனுக்கு."

"டேசனுக்கா?" என்று வாயில் பொங்கலோடு திகைத்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தான். ஆட்டோ நாலு நாள் நின்றதில் இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. வாடிய சாமந்தி உதிர உதிர அது சந்துக்குள் வந்து லட்சுமணனையும் யூசுப் பாயையும் ஸ்ரீகாந்தையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார், ஒரு தடவை குரலை உயர்த்தினார், யூசுப் பாயின் ராணுவ அடையாள அட்டையைப் பார்த்தபின் டீ சொன்னார். நீங்களாகவே வந்தது நல்லதாயிற்று என்று எழுதி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மணல் மூட்டையும் இரும்புப் பெட்டியுமாக நாலு பேர் வந்து ஐந்தையும் எடுத்துப் போனார்கள். எடுக்கும் முன் ஒரு நிமிஷம் கேட்டு, கனகவல்லி தூரத்தில் நின்றே கும்பிட்டாள். கற்பூரம் காட்ட யாரும் விடவில்லை, அவளும் கேட்கவில்லை.

தேக்குப் பெட்டியில் இப்போது ஒன்றும் இல்லை. அதை மறுபடி பரணில் ஏற்ற மனமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் உஷா வந்து நின்றாள். கையில் தட்டு. கழுவித் துடைத்து, பளபளவென்று, காலியாக.

கனகவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், வெறும் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.